என் பெயரில் இன்னொருவன் ரத்தம்

வெள்ளிமலை
18.6.2023

தங்கை விஜயலட்சுமிக்கு,

எழுந்து நடமாடும் அளவுக்கு இருக்கிறேன். மலையில் இன்னும் மழை பிடிக்கவில்லை. நீயும் மாப்பிள்ளை வெங்கடேசனும் சுபஸ்ரீயும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேசலாமே என்பாய். எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்பது ஒரு காரணம். போனில் சொன்னதை நாளைக்குச் சொல்லவே இல்லை என்று சாதித்துவிடலாம் என்பது இன்னொன்று. தாளில் எழுதியதை அப்படிச் செய்ய முடியாது.

குடலிறக்க ஆபரேஷனுக்குச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கேட்டதால்தான் உன்னை வரச் சொன்னேன். ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டர் சொன்னது நினைவிருக்கும். என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது, பல வருஷமாகக் கல்லீரலில் தங்கியிருக்கிறது, தழும்பு விழ ஆரம்பித்துவிட்டது என்றார். அந்த நேரத்திலும் உன் முகத்தைப் பார்த்தேன்.

நீ அதிரவில்லை விஜயா. பையிலிருந்து பேனாவை எடுத்து மாத்திரையின் பெயரைக் குறித்துக்கொண்டாய்.

கிராம சுகாதார செவிலியர், எத்தனையோ நோயைப் பார்த்தவள், பழகிப்போயிருக்கும் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கச்சிராயபாளையம் வரைக்கும் அந்தச் சமாதானம் தாங்கியது. மலை ஏறத் தொடங்கியதும் தாங்கவில்லை. உனக்கு என்ன தெரியும்?

பதில் எழுத்தில் வரட்டும்.

அரங்கநாதன்


சங்கராபுரம்
2.7.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

விஜயா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் கையெழுத்தை உறையின்மேல் பார்த்ததும் சுபஸ்ரீ, "யாரும்மா இது, அச்சடிச்ச மாதிரி எழுதறாரு?" என்று கேட்டாள். உன் மாமா என்றேன்.

அண்ணா, மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் ஒன்று. ராத்திரி சாப்பிட்ட பிறகு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அது கிருமியை அடக்கி வைக்கும், அடியோடு அழிக்காது. அதனால் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தினால் அடங்கிக் கிடந்தது பழையபடி கிளம்பும். முன்பு இருந்ததைவிட மோசமாக வரும். மூன்று மாதம் கழித்து ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். கல்லீரலுக்கு நல்லது என்று யார் எந்தக் கஷாயம் கொடுத்தாலும் வாங்கிக் குடிக்காதீர்கள். கிருமி எட்டு லட்சம் என்று வந்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அது இறங்கும்.

டாக்டர் பேசும்போது நோயாளிக்கு முன்னால் முகம் மாறக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

விஜயா


வெள்ளிமலை
6.8.2023

விஜயலட்சுமிக்கு,

இங்கே மழை கொட்டுகிறது, சாமைக்கு நல்லது என்கிறார்கள். எனக்குப் பசி குறைவில்லை. உங்கள் பக்கம் கரும்புக்குத் தண்ணீர் விட்டார்களா?

நான் உனக்கு அண்ணனா, நோயாளியா? பயிற்சி முகத்தை என்னிடம் ஏன் காட்டினாய்?

சரி, அது இருக்கட்டும். எனக்கு இதைக் கொடுத்தது யார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எலவனாசூர்கோட்டையில் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் ஒரே ஊசியைக் கொதிநீரில் முக்கி ஊருக்கெல்லாம் போட்ட அந்த டாக்டராக இருக்கலாம். பல் பிடுங்கியவனாக இருக்கலாம். நான் படித்த காலத்தில் விடுதிக்கு வந்த முடிவெட்டுகிறவனாகவும் இருக்கலாம். ஒரு தாளில் பதினான்கு பேரை எழுதிவைத்திருக்கிறேன். பாதிப் பேர் உயிரோடு இல்லை. தப்பித்துக்கொண்டார்கள்.

விஷயம் இங்கே பரவிவிட்டது. அன்புச்செல்வன் எனக்கு ஆறு வருஷம் ஜூனியர். என் தலைக்கு மேல் தலைமை ஆசிரியர் ஆனவன். போன வாரம் ஆசிரியர் அறையில் எனக்கென்று தனியாக ஒரு டம்ளர் வைத்திருக்கிறான். அதில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி. அவனுக்கு யார் சொன்னது? இந்த மலையில் யாருக்கும் நான் சொல்லவில்லை. கீழே தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

பள்ளிச் சமையல்காரன் கருப்பண்ணன் மட்டும் அந்த டம்ளரை எடுத்து மற்றதோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறான். "புள்ளி இன்னாத்துக்கு சார், டம்ளருக்குத் திஷ்டி கழிக்கறாங்களா?" என்று கேட்டான். கடைத்தெரு சலூன்காரனோடு எனக்குப் பேச்சு இல்லை என்பதால் ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குச் சவரம் செய்துவிடுவதும் அவன்தான். மனிதர்களில் அவன் ஒருவனைத்தான் நான் சந்தேகப்பட்டதில்லை.

மாத்திரையைப் போடுகிறேன். இந்த மாதம் கொடுத்த டப்பாவின் மூடி வேறு நிறம். ஏன்?

அரங்கநாதன்


சங்கராபுரம்
27.8.2023

அண்ணனுக்கு,

வணக்கம். எங்களுக்கு ஒன்றும் குறையில்லை. உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

நான் யாரிடமும் சொல்லவில்லை, சத்தியம். டம்ளரால், ஒரே தட்டில் சாப்பிடுவதால், பக்கத்தில் உட்காருவதால் இது ஒட்டாது. உங்கள் தலைமை ஆசிரியருக்கு அதை நானே வந்து சொல்கிறேன். ரத்தத்தால்தான் ஒட்டும். மூடி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான்.

கருப்பண்ணன் சவரம் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். பிளேடு உங்களுக்குத் தனியா? அவர் அதிலேயே தனக்கும் செய்துகொள்கிறாரா? இதற்கு மறக்காமல் பதில் எழுதுங்கள்.

செப்டம்பர் கடைசியில் ரத்தம் கொடுத்துவிடுங்கள்.

விஜயா


வெள்ளிமலை
22.10.2023

விஜயலட்சுமிக்கு,

நான் உற்சாகமாக இருக்கிறேன். பல வருஷத்தில் இப்படி இருந்ததில்லை. நீங்களும் அப்படியே இருங்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் கொடுத்தாயிற்று. முடிவின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிப் பார்க்கிறார்களாம். என் முகத்தையே பார்க்காத ஒருவர் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். நன்றாகப் பார். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உனக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு நானே சொல்கிறேன்.

சுபஸ்ரீக்கு என் ஆசி.

அரங்கநாதன்


சங்கராபுரம்
30.10.2023

அண்ணா,

எப்படி இருக்கிறீர்கள்? கண்ணைக் கண்ணாடியில் பாருங்கள், வெள்ளை விழியில் மஞ்சள் தெரிகிறதா? சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது?

இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. ஜூனில் எட்டு லட்சமாக இருந்தது இப்போது மூன்று கோடி என்று வந்திருக்கிறது. கல்லீரல் கணக்கும் ஏறியிருக்கிறது. நான் இந்த நகலை எடுத்துக்கொண்டுபோய் டாக்டரிடமே காட்டினேன். மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டவருக்கு இப்படி வரவே வராது, ஒன்று அவர் மாத்திரையே போடவில்லை, இல்லாவிட்டால் இது அவர் ரத்தமே இல்லை என்றார்.

மாத்திரை போடுகிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். கோபிக்க மாட்டேன்.

விஜயா


வெள்ளிமலை
12.11.2023

விஜயலட்சுமிக்கு,

தீபாவளி வாழ்த்து. நான் நலம். வேறு எப்படியும் இருக்கக் காரணம் இல்லை என்பதை இப்போது சொல்கிறேன்.

உன் டாக்டர் சொன்ன இரண்டில் இரண்டாவது சரி. அது என் ரத்தம் இல்லை. கருப்பண்ணனுடையது.

இவர்கள் ஒரு ஆளுக்கு ஒரு நோயை எழுதிவிட்டால் பிறகு யாரும் பார்ப்பதில்லை, பெயரைப் பார்த்தே எண்ணைப் போடுகிறார்கள் என்று எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். சோதித்துவிட முடிவு செய்தேன். மளிகை வாங்கக் கருப்பண்ணன் கள்ளக்குறிச்சிக்கு வந்த அன்று அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு ஊசி என்றால் பயம், நீ என் பெயரைச் சொல்லி உட்கார் என்றேன். "இவ்ளோ படிச்ச ஆளுக்கு எறும்பு கடிக்கிற வலிக்குப் பயமா சார்" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்தான். "அரங்கநாதன், அரங்கநாதன்" என்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அவன் எழுந்திருக்கவே இல்லை. நான் இடித்ததும்தான் எழுந்தான். என் பழைய முடிவைக் காட்டி, அதே சோதனைகளைச் செய்யச் சொன்னேன்.

கருப்பண்ணன் இரண்டு மூட்டை மரவள்ளியைத் தோளில் வைத்துக்கொண்டு மேடு ஏறுகிறவன். ஒரு நாள் படுத்ததில்லை. அவன் ரத்தத்தில் மூன்று கோடியாம். நான் எதை நிரூபிக்க நினைத்தேனோ அது நிரூபணமாகிவிட்டது. என் பெயரில் ஆட்டு ரத்தத்தைக் கொடுத்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பார்கள்.

அந்த முடிவு வந்த அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஒரு மாதம் ஆகிறது. ஒன்றும் ஆகவில்லை.

இப்போது நீ சொல். என்னை நோயாளி ஆக்குவதில் உனக்கு என்ன கிடைக்கிறது?

அரங்கநாதன்


சங்கராபுரம்
16.11.2023

அண்ணா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

பரிசோதனை நிலையம் பொய் சொல்லவில்லை. பெயரைப் பார்த்து எழுதினால் எட்டு லட்சத்துக்குப் பக்கத்தில்தானே எழுதியிருப்பார்கள், மூன்று கோடி என்று ஏன் எழுதுகிறார்கள்? கருப்பண்ணனுக்கும் இது இருக்கிறது. அவருக்குத் தெரியாது. தோளில் மூட்டை ஏறுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உங்களுக்கும் இத்தனை வருஷம் ஒன்றும் தெரியவில்லையே.

இரண்டு பேரும் கீழே இறங்கி வாருங்கள். அவருடைய மனைவி மூக்காயியையும் பரிசோதிக்க வேண்டும். நாளைக்கே. பிளேடைப் பற்றிக் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

விஜயா


சங்கராபுரம்
24.12.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று ஐந்து வாரமாகத் தெரியவில்லை. பள்ளிக்குப் போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மேலே வந்தேன். நீங்கள் அறைக்குள் இருந்துகொண்டே ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னீர்கள். கதவுக்கடியில் உங்கள் செருப்பைப் பார்த்தேன்.

நான் சொல்வதை நீங்கள் நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் நான்தான். இன்றைக்கு அம்மா திதி. சாப்பாடு வைத்துவிட்டு எழுதுகிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என் முகம் மாறாததற்குப் பயிற்சி காரணம் இல்லை. அந்தப் பெயரை நான் முன்பே கேட்டிருக்கிறேன். 2012இல் அம்மாவுக்கு வயிறு வீங்கி, கடைசியில் வாயில் ரத்தம் வந்ததே, அதற்குக் காரணம் இதேதான். ஆஸ்பத்திரித் தாளில் எழுதியிருந்தது. கல்லீரல் சுருங்கிவிட்டது, பிள்ளைகள் எல்லோரும் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்திருக்கலாம் என்று அந்த டாக்டர் தெளிவாகச் சொன்னார். நான் பார்த்துக்கொண்டேன். எனக்கு இல்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டேன், சுபஸ்ரீக்குப் பிறந்தபோதே போட்டாயிற்று. உங்களிடம் சொல்லவில்லை.

அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவிடாமல் எரித்துவிட்டாய் என்று இவ்வளவு வருஷமாகச் சொல்கிறீர்கள். ரத்தம் நிற்காத அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டாம் என்றுதான் அவசரப்பட்டேன். ஆனால் தாளை மறைத்ததற்கு அது காரணம் இல்லை.

நீங்கள் கேட்பீர்கள் என்று பயந்தேன். அப்பா போய் இருபது வருஷம் தனியாக இருந்தவளுக்கு இது எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஊசியாலும் வரும், பிரசவத்தாலும் வரும் என்று நான் சொல்வேன். நீங்கள் தலையாட்டிவிட்டு மறுபடி கேட்பீர்கள். தாள் எடுத்து ஆள் பெயர்களை எழுதுவீர்கள். அம்மாவை அந்தத் தாளில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அதற்காக உங்கள் கல்லீரலைப் பணயம் வைத்துவிட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஆனால் நீங்கள் இப்போது கருப்பண்ணனுக்குச் செய்துகொண்டிருப்பதும் இதுதான் அண்ணா.

விஜயா


வெள்ளிமலை
4.2.2024

விஜயாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நிறம் திரும்பிக்கொண்டிருக்கிறது. நீங்கள் மூவரும் நலமா?

உன் டிசம்பர் கடிதத்தை நாற்பது முறை படித்திருப்பேன். முதல் இருபது முறை உன்மேல் கோபம். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். நீ மறைத்தாய், நான் கண்டுபிடித்தேன். கடைசி வரியை மட்டும் படிக்காமல் மடித்துவைப்பேன்.

பொங்கல் முடிந்த வாரம் சாப்பாடு குமட்டியது. என் கண் மஞ்சளாக இருப்பதைக் கருப்பண்ணன்தான் முதலில் பார்த்தான். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தும் நான்கு நாள் கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன். ஐந்தாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. அவன் என்னைத் தூக்கிப் பஸ்ஸில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். வழியெல்லாம் வாந்தி. ஒவ்வொரு தடவையும் தன் துண்டால் என் வாயைத் துடைத்தான். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"கருப்பண்ணா, அன்னிக்கு உன்னை என் பேர்ல ரத்தம் குடுக்கச் சொன்னேனே."

"ஆமா சார். ஊசிக்குப் பயந்துக்கினு."

"ஊசிக்குப் பயம் இல்லை. அவங்களைச் சோதிக்கிறதுக்காகச் செஞ்சேன். உன் ரத்தத்துலயும் இந்த வியாதி இருக்கு."

இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டிய பிறகு துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"எப்பலர்ந்து சார் உங்களுக்குத் தெரியும்?"

"கார்த்திகையிலர்ந்து."

"இப்ப தை சார்" என்றான். மறுபடி எனக்கு வாந்தி வந்தபோது அதே துண்டை நீட்டினான். ஆனால் இந்தத் தடவை என் கையில் கொடுத்தான்.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். நாட்டு மருந்தும் சேர்ந்து ஆபத்தான கட்டம் வரைக்கும் போய்விட்டது என்றார் டாக்டர். மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டார்கள். உனக்குச் சொல்லக் கூடாது என்று கருப்பண்ணனிடம் சத்தியம் வாங்கினேன். அம்மா விஷயத்தில் நீ எனக்குச் செய்ததைத் திருப்பிச் செய்துவிட்டேன் என்று படுக்கையில் கிடந்துகொண்டு ஒரு திருப்தி. மூன்றாம் நாள் ராத்திரி அந்தத் திருப்தி போய்விட்டது. பிறகு சொல்லியனுப்ப வெட்கமாக இருந்தது.

கருப்பண்ணனுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை அவன் பெயரில். இருக்கிறது. மூக்காயிக்கு இல்லை, முதல் தடுப்பூசி போட்டாயிற்று. மகள் சங்கவிக்கும் இல்லை.

பிளேடைப் பற்றி நீ இரண்டு முறை கேட்டாய். ஒரே பிளேடுதான். முதலில் எனக்கு, பிறகு அதிலேயே அவன் தனக்கு. இரண்டாவது எதற்கு, வீண் என்று சொன்னது நான். உன் ஆகஸ்ட் கடிதம் வந்த அன்றே எனக்கு உறைத்துவிட்டது. பதினான்கு பேர் எழுதிய தாளில் பதினைந்தாவதாக என் பெயரை எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்ததால்தான் பதில் எழுதவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. பேனாவை எடுத்துப் பார்த்தேன். வரும்போது எழுதுகிறேன்.

அம்மாவின் தாளை அனுப்பு.

அரங்கநாதன்


வெள்ளிமலை
25.8.2024

அன்புள்ள விஜயாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நாங்கள் என்பது நானும் கருப்பண்ணனும். உனக்கு முழங்கால் வலி என்று சுபஸ்ரீ போனில் சொன்னாள். ஆமாம், பாறையில் ஏறிப் பேசினேன்.

அம்மாவின் தாள் மார்ச்சிலேயே வந்து சேர்ந்தது. பதில் போடாததற்குக் காரணம், நீ பயந்த அந்தக் கேள்வி எனக்குள் வராமல் போகட்டும் என்று காத்திருந்தேன். போகவில்லை. வந்தது. கள்ளக்குறிச்சிக்குப் போகும் பஸ்ஸில் மட்டும் மூன்று முறை வந்தது. ஆனால் நான் கேட்கப்போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் பிளேடால்தான் கருப்பண்ணனுக்கு வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பெரியவர்களுக்கு ஒட்டினால் பெரும்பாலும் தானாகவே போய்விடும், அவருக்குச் சின்ன வயதிலேயே வந்திருக்கலாம், உங்களிடமிருந்தும் வந்திருக்கலாம் என்றார். நான் வெளியே வந்து பிளேடு விஷயத்தைக் கருப்பண்ணனிடம் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"கத்தி என்னுது, பிளேடு உங்களுது. இதுல யார சார் போய்க் கேக்கறது?" என்றான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இத்தனை மாதத்தில் ஒரு நாளும் எடுக்கவில்லை. அவன் என்னிடம் கேட்காததை நான் அம்மாவிடம் கேட்க முடியாது. என் பதினான்கு பேர் தாளை அவன் அடுப்பிலேயே போட்டுவிட்டேன்.

இப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்ததும் இருவரும் மாத்திரை போடுகிறோம். நான் மறந்தால் அவன் கரண்டியால் ஜன்னல் கம்பியில் தட்டுகிறான். சவரத்துக்கு இரண்டு கத்தி. நான் சலூன்காரனிடம் போகிறேன் என்றேன், "கட வச்சிருக்கறவன்கிட்ட நீங்க ஒரு வாரம் தாங்க மாட்டீங்க சார்" என்று சொல்லிவிட்டான். அன்புச்செல்வனின் புள்ளி வைத்த டம்ளரில் இப்போது உப்பு இருக்கிறது. அவனோடு இன்னும் எனக்குப் பேச்சு இல்லை.

போன திங்கட்கிழமை ஆறு மாதப் பரிசோதனைக்கு இருவரும் போனோம். அதே தனியார் நிலையம்தான். அங்கே போய் என் பெயரை நானே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து அந்தப் பெண், "அரங்கநாதன்" என்று கூப்பிட்டாள்.

இருவரும் எழுந்துவிட்டோம்.

முடிவு நேற்று வந்தது. எனக்குக் கிருமி கண்ணில் படும் அளவுக்கு இல்லை. அவனுக்கு மூன்று கோடியாக இருந்தது நானூறுக்கு வந்திருக்கிறது. நகல் வைத்திருக்கிறேன், இதில் வேடிக்கை எதுவும் இல்லை. அடுத்த மாதம் குடலிறக்க ஆபரேஷன். சொந்தக்காரர் கையெழுத்து மறுபடி வேண்டுமாம்.

பேனா எடுத்துக்கொண்டு வா.

உன் அண்ணன்
அரங்கநாதன்